மெரினா மண்கோப்பை பிடில்: விற்றவர் கையில் பாடுகிறது, நம் கையில் ஏன் அழுகிறது?

ஜனவரி 18, காலை 9.12 (இழையைத் தொடங்கிய வாசகர்)

நேற்று காணும் பொங்கல் கூட்டத்தில், கண்ணகி சிலைக்குப் பின்னால், மூங்கில் குச்சியில் மண்கோப்பை செருகிய பிடில் ஒன்று வாங்கினேன். 100 ரூபாய். விற்றவர் வாசித்தபோது சினிமாப் பாட்டு வார்த்தையோடு கேட்டது. வீட்டுக்கு வந்து பையன் எடுத்தால் எண்ணெய் காணாத கதவு. நான் சின்னவனாக இருந்தபோது எங்கப்பா வாங்கித் தந்ததும் இதே கதைதான். என் முடிவு: அவர்கள் கையில் இருப்பது வேறு சரக்கு, நமக்குத் தருவது டூப்பு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 18, இரவு 11.05 (பதில் எழுதும் இன்னொரு வாசகர்; இனி வரும் பதிவுகள் எல்லாம் இவருடையவை)

மறுக்கிறேன். நாலு தடவை வாங்கி நாலு தடவையும் ஏமாந்தவன் என்ற தகுதியில்.

முதல் பிடில் 1978இல், பார்த்தசாரதி கோயில் தேர் அன்றைக்கு. எங்கள் தெருமுனை வரைகூட உயிரோடு வரவில்லை. இரண்டாவதன் மேல் அண்ணன் உட்கார்ந்தான். மூன்றாவதை வாங்கும்போது எனக்கு 12 வயது. அதற்குள் மந்தைவெளியில் ஒரு மாமியிடம் நிஜ வயலினே கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். மூன்றரை வருஷம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், இரண்டு கீதம். அத்தோடு மாமி என் அம்மாவைக் கூப்பிட்டு, "பையனுக்குக் கணக்கு நன்னா வருமோ?" என்று விசாரித்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அந்த மூன்றரை வருஷத்தில் ஒன்று தெரிந்தது. கதவுச் சத்தம் பிடிலிலிருந்து வருவதில்லை, வில் போடும் கையிலிருந்து வருகிறது. வில்லில் தேய்த்த ரோசின் என்கிற பிசின் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தாங்காமல் கம்பி நழுவித் திரும்பும். மறுபடி பிடி, மறுபடி நழுவல். விநாடிக்குச் சில நூறு தடவை. இது ஒரே சீராக நடந்தால் அதற்குப் பெயர் ஸ்வரம். வில்லை ரொம்ப லேசாக வைத்தால் பிடிமானம் கிடைக்காமல் சீறும். அழுத்தினால், நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாமல் கரகரக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது. பிடில்காரர்கள் எல்லாரும் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறார்கள். நான் மூன்றரை வருஷமும் முனையிலேயே நின்றுவிட்டு வந்தவன்.

இதைக் கணக்குப் போட்டு எழுதியவர்களில் ஒருவர் சி. வி. ராமன். வில் போட்ட கம்பி எப்படி அதிர்கிறது என்று 1918இல் நீளமான ஆய்வு வெளியிட்டார். வேலை செய்தது கல்கத்தாவில், படித்தது நம் மாநிலக் கல்லூரியில். நீங்கள் பிடில் வாங்கிய இடத்திலிருந்து ரோட்டைக் கடந்து கொஞ்சம் நடந்தால் அந்தக் கட்டடம்.

ஜனவரி 19, காலை 6.40

"ரோம் எரிந்தபோது நீரோ வாசித்ததும் டூப்பா?" என்று கேட்ட நண்பருக்கு: சந்தேகமே வேண்டாம். ரோம் எரிந்தது 64ஆம் ஆண்டு. பிடில் இன்றைய உருவத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். ஊர் எரியும்போது பிடில் வாசிக்க அந்த மனுஷன் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஜனவரி 21, இரவு 10.20

இந்தக் கோப்பைப் பிடிலுக்குத் தாத்தா யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராஜஸ்தானின் ராவணஹத்தாதான். உருவத்தைப் பார்த்தாலே தெரியும். தேங்காய்ச் சிரட்டை, அதன் வாயில் ஆட்டுத்தோல், குறுக்கே செருகிய மூங்கில் தண்டு. வாசிக்கும் தந்திகளில் ஒன்று குதிரை முடியைத் திரித்துச் செய்தது, இன்னொன்று உலோகக் கம்பி. பக்கத்தில் கூடவே தானாக அதிரும் உபகம்பிகள். வில்லில் சலங்கை கட்டியிருப்பார்கள். பாட்டுக்கு வில், தாளத்துக்கும் அதே வில். தனியாக ஓர் ஆளுக்குச் சம்பளம் மிச்சம்.

அதை வாசிப்பவர்களை போபா என்கிறார்கள். பாதி பூசாரி, பாதி பாடகர். பாபுஜி என்ற வீரத்தெய்வத்தின் கதையை இரவு முழுக்கப் பாடுவார்கள். பின்னால் சுமார் 15 அடி நீளத்துக்குக் கதை முழுவதும் வரைந்த துணி. பாட்டு எந்த இடத்தில் போகிறதோ அந்தப் படத்துக்கு நேரே போபாவின் மனைவி விளக்கைத் தூக்கிப் பிடிப்பார், கூடவே பாடுவார். விடிவதற்குள் துணியைச் சுருட்டிவிட வேண்டும். நம் தெற்கத்தி வில்லுப்பாட்டும் ராத்திரி முழுக்கத் தெய்வக்கதைதான். ஆனால் இங்கே வில்லை அடிக்கிறோம், அங்கே இழைக்கிறார்கள்.

பெயரில் உள்ள ஹத்தா, கை. ராவணன் கை. கயிலை மலைக்கு அடியில் நசுங்கியபோது தன் தலையையும் கையையும் நரம்பையும் வைத்து வீணை செய்து பாடித் தப்பித்தான் என்பது கதை. கொடியிலேயே வீணை வைத்திருந்தவன், செய்யக்கூடியவன்தான்.

ஆகவே நம் கடற்கரைக்காரர்கள் பிழைப்புக்காகத் தெற்கே இறங்கிய போபா குடும்பத்தினர் என்றே நினைக்கிறேன். தெய்வக்கதை பாடிய கை சினிமாப் பாட்டுக்கு வந்த சோகம் இது. இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 22, மதியம் 1.30

மேலே ஒருவர் போட்டிருக்கும் படம் ராவணஹத்தா இல்லை, கமைச்சா. அதுவும் வில் போட்டு வாசிக்கிற வாத்தியம்தான். வட்டமான பெரிய வயிறு, தோல் மூடியது, உடல் முழுவதும் ஒரே மரத்தில் குடைந்தது. வாசிப்பவர்கள் ஜெய்சல்மேர், பார்மேர் பக்கத்து மாங்கணியார்கள். அதில் பெரிய பெயர் சாக்கர் கான். 2012இல் பத்மஸ்ரீ, மறு வருஷம் காலமானார். மாங்கணியார்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களை ஆதரித்துவந்த வீடுகளில் பல ராஜபுத்திர இந்துக் குடும்பங்கள். அந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் கல்யாணம் என்றாலும் இவர்கள் போய் வாசிப்பார்கள். சம்பளம் இல்லை, முறை. நம் ஊர்க் கோயில் நாயனத்துக்கு இருந்த மாதிரி.

கடற்கரையில் வாசிப்பவருக்கு எந்த வீட்டு முறையும் கிடையாது. ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் புது எஜமானர், பெரும்பாலும் ஏழு வயது.

பிப்ரவரி 4, இரவு 9.50

இரண்டு ஞாயிறு தேடி, கலங்கரை விளக்கம் பக்கத்தில் ஒருவரைப் பிடித்தேன். அறுபதைத் தொட்ட வயது. பெயர் போட வேண்டாம் என்றார், பெரியவர் என்றே எழுதுகிறேன். தோளில் நீளக் கம்பு, அதில் ஐயனார் குதிரைக்கு மாலை போட்ட மாதிரி முப்பது நாற்பது பிடில்கள்.

என் ஆராய்ச்சியை இந்தியில் தொடங்கினேன். தூர்தர்ஷன் இந்தி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே பேசு சார்" என்றார்.

ராஜஸ்தானா என்று கேட்டேன். "நமக்குத் திருத்தணி பக்கம். வீட்ல தெலுங்கு." அப்படியானால் இது யார் சொல்லிக் கொடுத்தது? "எங்கப்பா திருப்பதியில பலூன் வித்துக்கினு இருந்தாரு. அங்க ஒரு இந்திக்காரன், ஜுரத்துல படுத்துக் கெடந்தான். இவரு பத்து நாள் சோறு போட்டாரு. அவன் எழுந்தப்புறம் இதச் சொல்லிக் குடுத்துட்டுப் போய்ட்டான்." அவன் எந்த ஊர்? "வடக்கு."

ஆக, ஜனவரி 21 குறிப்பின் கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். போபாவும் இல்லை, சோகமும் இல்லை. இடையில் ஒரு வடக்கத்திக்காரர் இருக்கிறார், அவர் யாரிடம் கற்றாரோ. வம்சம் என்று நான் தேடியது பத்து நாள் சோறாக முடிந்தது.

பிறகு டூப்பு வழக்கு. நாற்பதில் நானே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினேன். எனக்கு ஐந்தாவது பிடில். அதை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்த அந்த மகுடி மெட்டு. பக்கத்தில் சுண்டல் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். வாங்கி நான் இழுத்தேன். கதவு.

வழக்கு தள்ளுபடி.

பிப்ரவரி 5, காலை 5.15

தூக்கம் வரவில்லை. தீர்ப்பைத் திருத்துகிறேன்.

நேற்று நான் கொடுத்ததும் அவர் உடனே வாசிக்கவில்லை. கோப்பை வாயில் நிற்கிற குதிரையை (கம்பியைத் தாங்கும் துண்டுக்கு அதுதான் பெயர், வீணையிலும் அப்படித்தான்) நகத்தால் அரை விரல்கடை தள்ளினார். பிரடையை (கம்பியை இறுக்கும் முளை) ஒரு முறுக்கு. கட்டைவிரலால் கம்பியைச் சுண்டி, காதில் வைத்து, இன்னொரு அரை முறுக்கு. வில்லை முழங்கால் பக்கம் கட்டியிருந்த ரோசின் துணியில் இரண்டு இழுப்பு. எல்லாம் பேசிக்கொண்டே. மொத்தம் பத்து விநாடி இருக்காது. நான் பார்த்தும் பார்க்கவில்லை.

சரி, நான் வாங்கி இழுத்ததும் அந்தச் சரிசெய்த பிடிலைத்தான். அப்போதும் கதவு. எனவே கைதான் முக்கியம் என்பது நிற்கிறது. ஆனால் குழந்தைக்குப் போகிற பிடிலுக்கு அந்தப் பத்து விநாடி கிடைப்பதில்லை என்பதும் நிற்கிறது.

இன்னொன்று. அவர் இடுப்பில் ஒரு பிடில் தனியாக இருந்தது. கம்பில் மாட்டாதது.

பிப்ரவரி 11, இரவு 10.10

கேட்டேன். "உங்க பிடில் வேறதானே?"

"வேறதான்" என்றார், ஒளிவுமறைவு இல்லாமல். "இத வித்துட்டா நாளைக்கு எத வாசிச்சு மத்தத விக்கறது?"

கையில் வாங்கிப் பார்த்தேன். மண்கோப்பைக்குப் பதில் சிரட்டை. விற்கிற பிடிலில் வாயை மூடியிருப்பது காகிதம், இதில் தோல். தோல் போட்டு விற்றால் 300 சொல்ல வேண்டும், யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் குழந்தை ராத்திரிக்குள் விரலால் குத்திவிடும் என்றார். (இந்த இடத்தில் என் முதல் மூன்று பிடில்களையும் நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.)

கடல்காற்று ஏறினால் தோலும் காகிதமும் தொய்ந்துவிடும். ஏழு மணிக்கு மேல் அவர் பிடில் கம்மிப்போகிறது. அப்போது கடலை வறுக்கிற வண்டியிடம் போய், மணல் கொதிக்கும் சட்டிக்கு மேலே ஒரு நிமிஷம் காட்டுவார். பறையைத் தீயில் காய்ச்சுகிற மாதிரியேதான். கடலைக்காரருக்கு வாடகை ஒரு பாட்டு.

அவர் வில்லில் நிஜக் குதிரை முடி. எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, கையை நீட்டிக் கடற்கரையில் சவாரி போய்க்கொண்டிருந்த குதிரையைக் காட்டினார். குதிரைக்காரர் வாலைச் சீவும்போது உதிர்கிறதை எடுத்து வைத்துக் கொடுப்பாராம். ஆக மெரினாக் குதிரையின் முடி, கம்பி மேல் ஓடி, கம்பி குதிரை மேல் ஓடி. குதிரை மேல் குதிரை. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாகக் கேட்ட ஜோக்காக இருக்கும்.

இழையைத் தொடங்கிய நண்பரே, உங்களுக்குப் பாதி வெற்றி. எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 25, மாலை 4.00

வீட்டில் செய்து பார்த்தேன். சட்னிக்கு உடைத்த தேங்காயின் சிரட்டை, ஒட்டடைக்கொம்பின் நுனி, சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து பிரித்த ஒரு இழை. தோலுக்குப் பதில் பழைய பலூன். வில்லுக்கு மீன்பிடி நைலான்.

சத்தமே வரவில்லை. கதவுகூட இல்லை. நைலான் வழுக்கிக்கொண்டு போகிறது, ரோசின் அதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பலூன் அமுங்குகிறது, குதிரை சாய்கிறது. ஒட்டடைக்கொம்பு குட்டையானதில் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை இங்கே வேண்டாம்.

அவர் ஒரு நாளைக்கு இருபது செய்கிறார். மண்கோப்பை மட்டும் குயவரிடம் வாங்குவது, மற்றதெல்லாம் வீட்டிலேயே. மனைவி காகிதம் ஒட்ட, மகள் வில் கட்ட. மகன் வரவில்லை, உணவு டெலிவரிக்குப் போய்விட்டான்.

மார்ச் 2, இரவு 11.30

"பிடிலே வெள்ளைக்காரன் சரக்கு, இதில் நாட்டுப்புறம் என்ன, பாரம்பரியம் என்ன" என்று ஒருவர். கொஞ்சம் நில்லுங்கள்.

வெள்ளைக்காரன் வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்த கதையே நம் ஊர்க் கதைதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் இருந்தது. மணலி என்றால் இன்றைக்கு நமக்கு ரிஃபைனரி வாடைதான் ஞாபகம் வரும். அங்கே இருந்த காலத்தில், ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் பாலுசுவாமி வயலின் பழகினார், பிறகு அதில் நம் சங்கீதத்தை வாசித்தார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான்.

நாம் அதை வாங்கிக்கொண்டு முதலில் செய்த காரியம், பிடிக்கிற விதத்தை மாற்றியது. அவர்கள் நின்றபடி தாடையில் இடுக்குகிறார்கள். நாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைப்பக்கத்தை வலது பாதத்தில் ஊன்றிவிட்டோம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அதனால் அது கம்பி மேல் தாராளமாக வழுக்கிப் போகலாம், வரலாம். ஸ்வரத்தை வளைத்து ஆட்டுகிற கமகம் வேண்டும் என்றால் அது வேண்டும்.

இப்போது கடற்கரைக்கு வாருங்கள். பெரியவர் கோப்பையை நெஞ்சில் வைக்கிறார், தண்டு சரிவாக வெளியே நீள்கிறது. இரண்டு கம்பியில் ஒன்றுதான் பேசும். இடது கையில் ஒரே ஒரு விரல் எல்லா வேலையும் செய்கிறது, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கியே போகிறது. மாமி இதை ஜாரு என்பார். "ஜாரு போடு, ஆனா விழுந்துடாதே." நான் விழுவேன். இவர் விழுவதில்லை. வார்த்தையோடு கேட்டது என்று முதல் பதிவில் எழுதியிருந்தாரே, அது இந்த வழுக்கல்தான். மனுஷக் குரலும் படிக்கட்டு ஏறுவதில்லை.

2020இல் மார்ச்சில் மூடிய கடற்கரையை டிசம்பரில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் தளர்வு வந்ததும் பெரியவர் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார். சிமெண்டில் விரல் நுனி வெடித்துத் தடித்து, திரும்ப வந்தபோது கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையாம். "விரலு செருப்பு போட்ட மாதிரி இருந்துச்சு." விரல் பழையபடி ஆக ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

மார்ச் 24, காலை 7.00

நேற்று மயிலாப்பூர் அறுபத்துமூவர். வடக்கு மாட வீதியில், நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் பெரியவர். ஒரு மணி நேரம் தள்ளி நின்று பார்த்தேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

அவர் எந்தப் பாட்டையும் முழுதாக வாசிக்கவில்லை. பல்லவி. மறுபடி பல்லவி. குழந்தை அம்மாவின் புடவையை இழுக்கும், அவர் குழந்தையைப் பார்த்தே வாசிப்பார். அம்மா பையைத் திறந்தால் நிறுத்திவிடுவார். அம்மா நடந்துவிட்டால் வேறு பல்லவி. ஒரு பாட்டுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். எட்டுப் பாட்டு எண்ணினேன், எட்டுக்கும் தலை உண்டு, உடம்பு இல்லை.

பிறகு போய்ச் சரணம் வாசியுங்களேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரணம் தெரியாது சார். அதுவரைக்கும் யாரு நிப்பாங்க? நான் வாசிக்கறவன் இல்ல, விக்கறவன்."

மார்ச் 24, இரவு 11.45

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு, பாவம் என்று ஏழு பேர். அவர் அப்படிச் சொல்லவில்லை. மாவு அரைக்கிறவர் நான் இட்லி சுடுகிறவன் இல்லை என்று சொன்ன தொனியில்தான் சொன்னார். பாவமாக எனக்குத்தான் பட்டது, அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஏப்ரல் 7, இரவு 10.55

இன்றைக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். எனக்குப் பாட வராது, அவளுக்கு வரும். காற்று இல்லாத சாயங்காலம், வியாபாரம் மந்தம். பெரியவர் மணலில் கம்பை ஊன்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க பல்லவி வாசிங்க. அதுக்கப்புறம் நான் பாடிக் காட்டறேன்" என்றாள். அவருக்கு வெட்கம். சுற்றிப் பார்த்தார். பிறகு இடுப்புப் பிடிலை எடுத்தார்.

பல்லவி முடிந்ததும் அவள் சரணத்தின் முதல் வரியைப் பாடினாள். வில்லைத் தூக்கியபடி கேட்டார். இரண்டாம் தடவை பாடும்போது விரல் கம்பியில் சத்தமில்லாமல் போய் வந்தது. மூன்றாம் தடவை வில் இறங்கியது. மேல் ஸ்தாயிக்கு ஏறுகிற இடத்தில் ஒரு முறை தடுக்கி, கதவுச் சத்தம் வந்தது. அவர் கையில் நான் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. "இன்னொரு வாட்டி, ம்மா" என்றார். பாடினாள். பிடித்துக்கொண்டார். இரண்டாம் வரி. மூன்றாம் வரி பாதி.

ஐந்து வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை வந்து கம்பின் எதிரே நின்றது. கையில் பாதி தின்ற மாங்காய்ப் பத்தை. பின்னால் அப்பா, செருப்பை உதறிக்கொண்டு.

பெரியவர் என் மனைவியைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து, பல்லவிக்குத் திரும்பினார். 100 சொன்னார், 80க்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் குதிரையை நகத்தால் கொஞ்சம் தள்ளினார்.